புகையால் கெட்ட நுரையீரலும் ஆய்வுக்கூடத்து ஆடுகளும்: அருகிலிருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

தீக்காயப் பிரிவுச் செவிலியர்:

உடம்பெல்லாம் வெந்து வருகிறவர்களைவிட, மேலே பெரிய காயமே இல்லாமல் மூக்கு முடி கருகி, சளியில் கரி கலந்து வருகிறவர்களைப் பார்த்தால்தான் எங்கள் பிரிவில் பயம் அதிகம். முதல் நாள் நன்றாகப் பேசுவார்கள். "எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு விடுங்கள்" என்பார்கள். எக்ஸ்ரேயும் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். ஒன்றிரண்டு நாளில் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். வென்டிலேட்டரில் அழுத்தம் ஏறும், ஆக்சிஜன் இறங்கும்.

அப்படி ஒருவருக்கு பிராங்கோஸ்கோப் (மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய்) விட்டு எடுத்ததை நான்தான் கிண்ணத்தில் வாங்கினேன். மூச்சுக்குழாயின் உட்புறத்தை அப்படியே அச்சு வார்த்த ஒரு கட்டி. கிளை பிரிந்து, அந்தக் கிளையும் இரண்டாகப் பிரிந்து, இழுத்தால் ரப்பர் போல நீண்டது. சாம்பல் நிறம், நடுவில் ரத்தக் கோடுகள். இதை அடைத்துக்கொண்டு ஒரு மனிதர் எப்படி மூச்சு விடுவார்?

டாக்டர் ஹெப்பாரினை நெபுலைசரில், அதாவது மருந்தை ஆவிபோல மூச்சில் சேர்க்கும் கருவியில், கொடுக்கச் சொன்னார். ரத்தம் உறையாமலிருக்க நரம்பில் போடும் மருந்தாயிற்றே என்றேன். "இது ஆட்டிடம் கற்ற வைத்தியம் சிஸ்டர்" என்றார். அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன். அந்த ஆடுகளுக்கு என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆய்வகக் கால்நடை மருத்துவர்:

சிஸ்டர், அப்படியொரு கூடத்தில் மயக்க மருந்துப் பக்கம் வேலை பார்த்தவன் நான். இந்த முறையை வளர்த்தெடுத்த இடம் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன். டேனியல் டிரேபர், டேவிட் ஹெர்ன்டன் ஆகியோரின் குழு. மற்ற கூடங்களும் பெரும்பாலும் அவர்கள் வழியில்தான் போகின்றன.

செம்மறி ஆட்டை முழு மயக்கத்தில் ஆழ்த்தி, தொண்டையில் குழாய் வைப்போம். தேனீ வளர்ப்பவர்கள் கையில் இருக்குமே புகையூதி, அதைக் கொஞ்சம் மாற்றியமைத்து, உள்ளே பருத்தித் துண்டைக் கனிய விடுவார்கள். ஒரு சுற்றுக்கு 12 மூச்சு, நான்கு சுற்று, மொத்தம் 48 மூச்சு. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்போம். புகையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்ட விடமாட்டோம்.

ஆறிய புகை எதற்கு என்று கேட்பீர்கள். நுரையீரலைக் கெடுப்பது பெரும்பாலும் சூடு அல்ல. 1945-இல் மோரிட்ஸ் என்பவரும் அவர் குழுவும் நாய்களில் காட்டினார்கள்: உலர்ந்த சூட்டுக் காற்று எவ்வளவு கொதித்தாலும் தொண்டையிலும் மேல் மூச்சுக்குழாயிலுமே ஆறிவிடுகிறது. நீராவி மட்டும்தான் கீழே வரை போய்ச் சுடுகிறது. ஆகவே கீழே நடக்கும் நாசம் புகையிலிருக்கும் ரசாயனத்தின் வேலை.

ஆட்டைத் தேர்ந்தெடுக்கவும் காரணம் உண்டு. அதன் நுரையீரல் நம்முடையதன் அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நமக்குப் போடும் குழாயும் வென்டிலேட்டரும் அதற்கும் பொருந்தும். அந்த நுரையீரலிலிருந்து வடியும் நிணநீரைத் தனியாகப் பிடித்து அளக்கலாம், அதாவது ரத்தக் குழாய்கள் எவ்வளவு கசிகின்றன என்று நேரடியாகவே தெரியும். எலியில் இதெல்லாம் நடக்காது.

அப்படி அளந்ததில்தான் பெரிய விஷயம் ஒன்று தெரிய வந்தது. புகை பட்டதும் மூச்சுக்குழாய்ச் சுவருக்கு ரத்தம் கொடுக்கும் தமனியில் ஓட்டம் பல மடங்கு கூடுகிறது. அதைக் கட்டிவிட்ட ஆடுகளில் நுரையீரல் சேதம் குறைந்தது. கூடுதல் ரத்தத்தோடு கசிகிற புரதம் மூச்சுக்குழாய்க்குள் ஃபைப்ரின் என்ற நாராக உறைந்து, உரிந்த உள்சவ்வையும் சளியையும் வெள்ளணுக்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. சிஸ்டர் கிண்ணத்தில் வாங்கியது அதைத்தான். உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினை அங்கேயே கொண்டுபோய்ச் சேர்க்கலாமே என்ற யோசனை இப்படிப் பிறந்தது. உறைந்ததைக் கரைக்கும் டி.பி.ஏ. மருந்தையும் நெபுலைசர் வழியாக ஆடுகளில் பார்த்திருக்கிறார்கள், பலன் இருந்தது.

ஆடுகளுக்கு என்ன ஆகிறது என்று கேட்டீர்கள். வலி மருந்து விடாமல் போகும். இரவெல்லாம் ஒருவர் பக்கத்திலேயே இருப்பார், குழாயில் சேரும் கரிச்சளியை உறிஞ்சி எடுப்பார். பெரும்பாலும் இரண்டு நாள். பிறகு மயக்கத்திலேயே உயிரை முடித்து நுரையீரலை எடுத்துப் பார்ப்போம். எனக்கு அது ஒருநாளும் பழகவில்லை. பழகியவர்களோடு வேலை செய்யவும் எனக்கு விருப்பமில்லை.

தீயணைப்பு வீரர்:

எனக்கு ஆடு தெரியாது, நாய்க்குக் கடன்பட்டவன். புகையில் கார்பன் மோனாக்சைடு மட்டுமில்லை, நுரைப்பஞ்சும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் சயனைடும் வரும். பிரேசிலின் சாண்டா மரியாவில் 2013 ஜனவரியில் இரவு விடுதி எரிந்து 242 பேர் போனார்களே, கூரையில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சின் புகைதான் அத்தனை பேரைச் சாய்த்தது. சயனைடுக்கு முறிவு மருந்து ஹைட்ராக்சோகோபாலமின். மனிதருக்கு விஷம் கொடுத்துச் சோதிக்க முடியாதல்லவா? நாய்களில்தான் நிரூபித்தார்கள். உப்புநீர் மட்டும் ஏற்றியவற்றில் பெரும்பாலானவை செத்தன, கூடுதல் அளவு மருந்து ஏற்றியவை எல்லாம் பிழைத்தன. அமெரிக்காவில் 2006-இல் அந்த அடிப்படையில்தான் அனுமதி கிடைத்தது.

புகையில் மயங்கி விழுந்த என் சக வீரருக்கு அது ஏறியதைப் பார்த்தேன். தோலும் சிறுநீரும் சிவந்துவிட்டன, அவர் மனைவி பதறிப்போனார். அது மருந்தின் நிறம், பயப்படாதீர்கள் அண்ணி என்று சொல்லிச் சொல்லித்தான் உட்கார வைத்தேன்.

ஒரு மகன்:

என் அப்பாவுக்கு ஹெப்பாரின் கொடுத்தார்கள். காப்பாற்ற முடியவில்லை. ஆட்டில் பலித்தது மனிதரில் பலிக்கும் என்று யார் உறுதி சொன்னது? கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தீக்காயப் பிரிவுச் செவிலியர்:

தம்பி, உறுதி என்று யாரும் சொல்ல முடியாது. 1998-இல் கால்வெஸ்டனிலிருந்தே ஒரு ஆய்வு வந்தது. 90 குழந்தைகள். ஹெப்பாரினும், சளியை இளக்கும் அசிட்டைல்சிஸ்டீனும் மாறி மாறி நெபுலைசரில் பெற்றவர்களில் இறப்பும், மறுபடி குழாய் போட வேண்டிய நிலையும் குறைந்தன. ஆனால் ஒப்பிட்டது முந்தைய வருடங்களில் வந்த குழந்தைகளோடு. இடையில் மற்ற கவனிப்பும் மேம்பட்டிருக்கலாம். பெரியவர்களில் சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிய ஒரு பன்னாட்டுச் சோதனை, போதிய நோயாளிகள் சேராமல் பாதியிலேயே நின்றது. எனக்கு ஆறாதது இதுதான். இத்தனை ஆடுகளின் உயிரை வாங்கிக்கொண்டு, கேள்வியை மனிதர் பக்கத்தில் முடிக்காமல் விடுவது அந்த ஆடுகளுக்கும் அநியாயம், உங்கள் அப்பாவுக்கும் அநியாயம்.

ஆய்வகக் கால்நடை மருத்துவர்:

தம்பிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆட்டுக்குப் புகை பட்டு பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்திலேயே மருந்து ஆரம்பிக்கிறோம். மனிதரை இடிபாட்டிலிருந்து எடுத்து, வேறொரு ஆஸ்பத்திரி போய், அங்கிருந்து தீக்காயப் பிரிவுக்கு வருவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. ஆடுகள் இளசு, ஆரோக்கியமானவை. நோயாளிக்கு சர்க்கரை இருக்கும், புகைப்பழக்கம் இருக்கும். இனி ஆட்டில் செய்கிறவர்கள் மருந்தைத் தாமதமாக ஆரம்பித்தும் பார்க்க வேண்டும் என்று நான் கூட்டங்களில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.