கராத்தேயில் மே கெரி (நேர் முன் உதை) உதைத்தால் கால் கட்டைவிரல் அடிபடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். வயது 36, ஒயிட் பெல்ட். திருச்சியில் ஷோட்டோகான் பாணி கராத்தே வகுப்பில் சேர்ந்து 4 மாதம் ஆகிறது. ஓய் சுகி (முன்னேறிக் குத்துவது), கெடான் பராய் (கீழ்நோக்கித் தடுப்பது), சென்குட்சு டாச்சியில் (முன்காலை மடக்கி நிற்கும் நிலை) முன்னும் பின்னும் நகர்வது எல்லாம் ஓரளவு வந்துவிட்டது. மே கெரியில்தான் மாட்டிக்கொண்டேன்.

காற்றில் உதைத்தால் விரல்கள் ஒழுங்காக மேலே வளைந்து நிற்கின்றன. உதைத்துப் பழகும் மெத்தையை (பேட்) தொடும் அந்த நொடியில் முன்னால் சரிந்துவிடுகின்றன. முன்பாதம் படவேண்டிய இடத்தில் வலது கட்டைவிரல் நுனி இடிக்கிறது. போன வாரம் நகத்தடியில் ரத்தம் கட்டிக் கருத்துவிட்டது. இடது காலில் இந்தத் தொல்லையே இல்லை.

தினமும் குதிகாலைத் தூக்கி நிற்கிறேன். விரல்களை மடக்கி, அதன்மேல் மண்டியிட்டு 2 நிமிடம் உட்காருகிறேன். வலது விரல் விறைப்பாகவே இருக்கிறது. சுவரில் மெதுவாக உதைத்தால் சரியாகப் படுகிறது, வேகம் கூட்டினால் போச்சு. மாஸ்டர் முழங்காலை இன்னும் உயரத் தூக்கச் சொன்னார். அதனால் உதை உயர்ந்தது, விரல் மாறவில்லை. அடுத்த மாதம் பெல்ட் தேர்வு வேறு இருக்கிறது.

வேகமாக உதைக்கும்போதும் விரல்கள் சரியாமல் நிற்க, உங்களுக்கு எந்தப் பயிற்சி கைகொடுத்தது?