சாலமாண்டருக்கு ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும் (அவசரம்)

நண்பர்களே, பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒப்பீட்டு அட்டை ஒன்றைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மத்திய அமெரிக்காவின் கோஸ்டாரிகா மலைகளில் வாழும் இரண்டு சாலமாண்டர்கள் (பார்க்கப் பல்லி போல இருக்கும், ஆனால் தவளை போல நீர்நில வாழ்வன): பொலிட்டோகுளோசா சப்பல்மேட்டா, பொலிட்டோகுளோசா பெஸ்ரூப்ரா. இரண்டுக்கும் நுரையீரல் கிடையாது, தோல் வழியாகவும் வாயின் உட்புறத் தோல் வழியாகவும் மூச்சு. தலைப்பிரட்டைப் பருவமும் இல்லை, முட்டையிலிருந்து குட்டியாகவே வெளியே வரும். முன்னது வடக்கே எரிமலைத் தொடர்களில், பின்னது தெற்கே தலமன்கா மலைகளில். பின்னதை 1952இல் டெய்லர் என்ற அமெரிக்க விலங்கியலாளர் தனி இனமாக விவரித்தார், அப்புறம் முன்னதோடு சேர்த்துவிட்டார்கள், மரபணு ஆய்வுகள் வந்தபிறகுதான் மறுபடி பிரித்தார்கள். பொதுப்பெயராக 'ஈரரணை' (ஈரம் + அரணை) வைக்கலாமா?

---

> 'ஈரரணை' வைக்கலாமா?

ஐயா, ஈராயிரம் போல இதை 'இரண்டு அரணை' என்றுதான் படிப்பார்கள், அதுவும் இரண்டை ஒப்பிடும் அட்டையில்! புணர்ச்சியில் குற்றமில்லை, குறளில் 'ஈர்ங்கை விதிரார்' என்று ஈரம் 'ஈர்' ஆக நிற்கிறதே. ஆனாலும் 'ஈரவரணை' என்று விரித்துவிட்டால் குழப்பம் தீரும்.

---

அரணையே வேண்டாம். அரணைக்குச் செதில் உண்டு, அது ஊர்வன; இது தவளையின் உறவு. 'அரணை கடித்தால் மரணம்' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை இதையும் நஞ்சென்று நினைக்கும். இந்தியாவிலேயே டார்ஜிலிங், சிக்கிம் பக்கத்து மலைகளிலும் வடகிழக்கிலும்தான் சாலமாண்டர் உண்டு. நம் மண்ணில் இல்லாத பிராணிக்கு இங்கே இருக்கும் பிராணியின் பெயரை வைப்பது அறிவியலுக்குச் செய்யும் தீங்கு. சாலமாண்டர் என்றே விடுங்கள்.

---

பொதுப்பெயரை விடுங்கள், பெஸ்ரூப்ரா என்பதே சிவந்த கால்தானே? 'நாராய் நாராய் செங்கால் நாராய்' என்று சத்திமுத்தப் புலவர் நமக்குச் சொல்லைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார், 'செங்காலன்' என்று வையுங்கள். சப்பல்மேட்டா என்றால் விரல்களிடையே பாதிச் சவ்வுள்ள அடி, அதை 'அரைச்சவ்வடி' எனலாம்.

---

> அரைச்சவ்வடி

மற்றதற்கும் விரலிடைச் சவ்வு உண்டே, அக்கா! இடத்தை வைத்து 'வடமலை' என்று சொன்னால் பிள்ளைக்கு அட்டையிலுள்ள வரைபடமும் சேர்ந்து மனதில் நிற்கும்.

---

சரி, பொதுப்பெயர் சாலமாண்டர் என்றே இருக்கட்டும். 'செங்கால் சாலமாண்டர்', 'வடமலைச் சாலமாண்டர்' என்றே அனுப்புகிறேன்.

---

அனுப்புங்கள், ஆனால் 'செங்காற் சாலமாண்டர்' என்று திருத்திவிட்டு அனுப்புங்கள். ஈரவரணையை நான் விடுவதாக இல்லை, செதிலில்லை என்பதைத்தானே 'ஈரம்' சொல்கிறது?