அவலாஞ்சி ஓடையில கிடைச்ச பூச்சி

வினோத்: (போட்டோ) நீலகிரி அவலாஞ்சி ஓடைல கல்லுக்கு அடியில இருந்துச்சு. இதைப் பாத்து டிரவுட் மீன் பிடிக்கப் போலிப் பூச்சி கட்டணும். வால் ரெண்டு. ஸ்டோன்ஃபிளைதானே சித்தப்பா?

சித்தப்பா: வாலை மட்டும் எண்ணி முடிவு பண்ணாதப்பா. ஸ்டோன்ஃபிளை, மேஃபிளை ரெண்டுமே குஞ்சா இருக்கும்போது தண்ணிக்குள்ள வாழ்ற பூச்சிங்க. மேஃபிளைக்குப் பெரும்பாலும் மூணு வால், ஆனா ரெண்டு வால் வகையும் உண்டு. எடுக்கும்போதே ஒண்ணு ஒடிஞ்சும் போகும். கால் நுனியில நகம் எத்தனை? 10 மடங்கு லென்ஸ் போதும்.

வினோத்: ஒண்ணுதான்

சித்தப்பா: அப்போ மேஃபிளை. ஸ்டோன்ஃபிளைக்கு ஒவ்வொரு கால்லயும் ரெண்டு நகம். செவுளையும் பாத்துடு. மேஃபிளைக்கு வயித்தோட ரெண்டு பக்கமும் இலை மாதிரி வரிசையா இருக்கும். ஸ்டோன்ஃபிளைக்கு இருந்தா பெரும்பாலும் கால் முளைக்கிற இடத்துல பஞ்சு மாதிரி.

மாலதி அக்கா: தண்ணிக்குள்ள வச்சுப் பாரு வினோத். வெளிய எடுத்தா செவுள் உடம்போட ஒட்டிக்கும், ஒண்ணும் தெரியாது. வெள்ளைத் தட்டுல 1 செ.மீ. தண்ணி போதும்.

வினோத்: தெரியுது அக்கா, ரெண்டு பக்கமும் இலை. தட்டுல விட்டதும் மீன் குஞ்சு மாதிரி சுர்ருனு ஓடுது

மாலதி அக்கா: உடம்பும் உருளையா இருந்தா மேஃபிளைலயே பேட்டிஸ்ங்கிற குடும்பம். ஊசித்தட்டான் குஞ்சோட குழப்பிக்காத. அதுக்குப் பின்னாடி அகலமா மூணு இலை இருக்கும், அதுவே செவுள்.

வினோத்: உருளைதான். அதே கல்லுல மணல் ஒட்டின சின்னக் குழாயும் இருக்கு

மாலதி அக்கா: அது கேடிஸ்ங்கிற வேற பூச்சியோட கூடு. உள்ள புழு, வால் கிடையாது, பின்னாடி ரெண்டு கொக்கி.

சித்தப்பா: மேஃபிளைக்கு முதுகுல இறக்கை மொட்டு என்ன நிறம்? நீளம்?

வினோத்: நல்ல கறுப்பு. வால் சேர்க்காம 7 மி.மீ.

சித்தப்பா: மொட்டு கறுத்துட்டா சீக்கிரம் இறக்கை விரிக்கப்போகுது. பேட்டிஸ் தண்ணி மேல மிதந்து வந்து தோல் உரிக்கும், டிரவுட் அங்கேயே வாயைத் திறந்துட்டு நிக்கும். ஸ்டோன்ஃபிளைன்னா கரைக் கல்லுல ஏறி உரிக்கும், தூண்டிலைக் கரையோரமா ஓட்டணும். பூச்சியை மாத்திப் புரிஞ்சுகிட்டா நிக்கிற இடமே தப்பாயிடும்.

வினோத்: போலிப் பூச்சி கட்ட தூண்டில் முள் எந்த சைஸ்?

சித்தப்பா: 16-ம் நம்பர். ஃபெசன்ட் டெயில் நிம்ஃப்னு இறகுல கட்டுற போலிக் குஞ்சு, உடம்பு மெல்லிசா, இறக்கை மொட்டு இருக்கிற இடம் மட்டும் கறுப்பா கட்டு. தடிமனா கட்டினா பேட்டிஸ் மாதிரியே இருக்காது.

மாலதி அக்கா: போட்டோ எடுத்துட்டு அதை ஓடையிலயே விட்டுடு. கல்லையும் இருந்த மாதிரியே கவிழ்த்து வை, கூடு வெயில் பட்டுக் காயக் கூடாது.