கலர்ப்பொடி இல்லாமல் கிறிஸ்துமஸ் விருந்து வைக்க முடியாதா?

தேவகோட்டை டீச்சர்:
எங்கள் பங்குத் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் காலைத் திருப்பலி முடிந்ததும் மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு விருந்து வைப்போம். ஆண்டுதோறும் ஒரே பட்டியல்தான்: சிவப்பும் பச்சையுமாகக் கிரீம் பூசிய கேக், ரோஸ் நிறச் சர்பத், ஒரு சிப்ஸ் பொட்டலம். இந்த முறை அதை அடியோடு மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கறுப்புக் கவுனி அரிசி இனிப்பு, பீட்ரூட் சாற்றில் பிசைந்த இடியாப்பம், கீரை இடியாப்பம், காரட்டும் கொத்தமல்லியும் போட்ட குழிப்பணியாரம், நறுக்கிய கொய்யா, திராட்சை, மாதுளை முத்து, குடிக்கச் சங்குப்பூ சர்பத். இத்தனை நிறமும் நம் சந்தையிலும் வேலியிலும் கிடைக்கும்போது டப்பாவில் அடைத்த நிறம் எதற்கு? எதிர்ப்பு பலமாக இருக்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

காரைக்குடி பலகாரக்காரர்:
எதிர்ப்பவர்களில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர். ஆண்டு முழுவதும் கீரை சாப்பிடு, காய் சாப்பிடு என்று சொல்லிவிட்டு, பாலன் பிறந்த நாளிலும் கீரை இடியாப்பத்தை நீட்டினால் பிள்ளைகள் மனம் என்ன பாடுபடும்? இடியாப்பம் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. கிரீம் கேக் பல வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறைதான். அந்த ஒரு துண்டையும் பிடுங்க வேண்டுமா?

நிறத்தைப் பற்றியும் சொல்கிறேன். நம் நாட்டில் 8 செயற்கை நிறங்களுக்கு அனுமதி இருக்கிறது. கேக், இனிப்பு போன்றவற்றில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்று வரம்பும் இருக்கிறது. அந்த வரம்புக்குள் நின்று தொழில் செய்கிறவனையும் நஞ்சு விற்கிறவன் வரிசையில் நிறுத்தாதீர்கள்.

தேவகோட்டை டீச்சர்:
அண்ணே, உங்கள் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 100 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகைக்கும் குறைவு. எத்தனை சமையற்கட்டில் அதைத் தராசில் நிறுத்துப் போடுகிறார்கள்? 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்தது நினைவிருக்கும். சோதனையில் அகப்பட்டது ரோடமின் பி, துணிக்கு ஏற்றும் சாயம். நீங்கள் சொல்லும் எட்டில் அது இல்லை. தட்டில் இருப்பது எந்த ரோஸ் என்று ஒரு தாய் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

அனுமதி பெற்றவையும் அப்படியொன்றும் சாதுவானவை அல்ல. டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோசின், பொன்சோ 4ஆர் ஆகியவை கலந்த பண்டங்களின் உறையில், குழந்தைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்று அச்சிட வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. இந்த நான்கும் நம் எட்டில் இருக்கின்றன.

கானாடுகாத்தான் ஆச்சி:
கவுனி என்றதும் வந்துவிட்டேன். சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும், செய்முறை சரியாக இருக்க வேண்டும். அரைவேக்காட்டுக் கவுனியைக் கொடுத்தால் பலகாரக்காரர் கட்சிதான் ஜெயிக்கும்.

பர்மாத் தொடர்பில் எங்கள் வீடுகளுக்கு வந்து, கல்யாணப் பந்தி வரை ஏறிவிட்ட அரிசி இது. முந்தைய இரவே கழுவி ஊற வையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், நிறம் அதில் இறங்கியிருக்கும். அதிலேயே வேக வையுங்கள். கறுப்புத் தோல் வெடித்து உள்ளே இருப்பது தெரிய வேண்டும், இரண்டு விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். அதற்குப் பிறகுதான் சர்க்கரை. முன்னதாகச் சர்க்கரை விழுந்தால் அரிசி விறைத்துக்கொள்ளும், பிறகு எத்தனை விசில் விட்டாலும் இளகாது. தேங்காய்த் துருவல், நெய், ஏலப்பொடி எல்லாம் கடைசியில்.

வெள்ளைப் பணியாரத்தை ஏன் விட்டீர்கள் டீச்சர்? ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் கோபுரமாக நிற்கும் அளவுக்கு உளுந்து. கணக்கு அவ்வளவுதான். வெள்ளைவெளேரென்று பணியாரம், ஒரு பக்கம் வரமிளகாய்த் துவையல், மறுபக்கம் கொத்தமல்லித் துவையல். கிறிஸ்துமஸ் நிறம் மூன்றும் ஒரே தட்டில் வந்துவிடும்.

சிவகங்கை செவிலி:
ஆச்சியின் பணியாரம் எண்ணெயில் பொரிப்பது. கவுனியில் சர்க்கரையும் நெய்யும். சர்பத்தில் மறுபடியும் சர்க்கரை. இயற்கை நிறம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் சத்தாகிவிடுமா? இங்கே இருவரும் நிறத்துக்காக மல்லுக்கட்டுகிறீர்கள், என் கவலை சர்க்கரை.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. நாளுக்கு 1,500 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு 10 சதவீதம் என்றால் சுமார் 37 கிராம், ஏழெட்டுத் தேக்கரண்டி. ஒரு கிண்ணம் கவுனியும் ஒரு டம்ளர் சர்பத்தும் சேர்ந்தால் விருந்து முடிவதற்குள் அதைத் தொட்டுவிடலாம். கருப்பட்டி போடுகிறோம் என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான்.

காரைக்குடி பலகாரக்காரர்:
செவிலி அம்மா என் பக்கத்து நியாயத்தை என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார். அளவு பார்த்துத்தான் எதையும் கொடுக்க வேண்டும். அதே அளவில் கேக்கும் இருக்கலாமே?

பழக் கேக் செய்து தருகிறேன். அதில் மின்னும் டூட்டி ஃப்ரூட்டி என்பது பப்பாளிக்காயைத் துண்டுபோட்டுப் பாகில் வேக வைத்து நிறமேற்றியது. அது வேண்டாம் என்றால் அத்திப்பழம், பேரீச்சை, உலர்திராட்சை போடுகிறேன். கேக் கறுப்பாக இருக்கும், ருசி கூடும். மேலே கிரீமும் வேண்டாம். ஆனால் கேக்கே கூடாது என்றால் ஒப்பமாட்டேன். இன்னொரு எச்சரிக்கை: பீட்ரூட் கலந்து எதையும் பொரித்துவிடாதீர்கள். எண்ணெயில் பழுப்பாகிவிடும், கருகியது என்று பிள்ளைகள் ஒதுக்குவார்கள்.

தேவகோட்டை டீச்சர்:
அதனால்தான் இடியாப்பம் என்றேன் அண்ணே. ஆவியில் கொஞ்ச நேரம்தானே வேகும். சாற்றில் சில சொட்டு எலுமிச்சை விட்டுப் பிசைந்தால் சிவப்பு நன்றாக நிற்கும். கீரைக்கு மட்டும் எலுமிச்சை காட்டக் கூடாது, பச்சை மங்கிவிடும்.

சங்குப்பூவை வெந்நீரில் போட்டு ஆறவைத்தால் நல்ல நீலம் இறங்கும். அதைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, பிள்ளைகள் கண்முன்னே எலுமிச்சை பிழிவேன். சாறு விழுந்த இடத்திலிருந்து ஊதா நூல்நூலாகப் பரவி, கலக்குவதற்குள் டம்ளர் முழுவதும் மாறிவிடும். எந்தக் கலர்ப்பொடி இந்த வேடிக்கையைக் காட்டும்? செவிலி அக்கா கேட்டபடி சர்பத்தில் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கிறேன், கவுனி ஆளுக்கு இரண்டு கரண்டிதான். மீதி இனிப்பைப் பழம் பார்த்துக்கொள்ளட்டும்.

பள்ளத்தூர் அப்பா:
பழம் என்றால் ஒரு விஷயம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுத் திராட்சை தொண்டையில் அடைத்துக்கொள்ளும், நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். மறையுரை நீண்டால் விருந்தும் தள்ளிப்போகும், முன்பே போட்ட தேங்காய் ஊசிப்போகும். ஆகவே கவுனியில் தேங்காயைப் பரிமாறும் நேரத்தில் சேருங்கள்.

சிவகங்கை செவிலி:
சர்க்கரைக்குச் சரி. ஆனால் தட்டில் புரதம் போதவில்லை டீச்சர். டிசம்பரில் பச்சைப் பட்டாணி மலிவாகக் கிடைக்கிறது, ஒரு சுண்டல் வையுங்கள். அவித்த முட்டையும் வைக்கலாம். நிறத்துக்கு நிறம், வயிறும் நிறையும். வெறும் சர்க்கரையில் ஆட்டம்போட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் சோர்ந்துபோகும் பிள்ளைகளை எத்தனை விருந்தில் பார்ப்பது?

காரைக்குடி பலகாரக்காரர்:
அவித்த முட்டையை எந்தப் பிள்ளை பண்டிகையில் தொடும்? குழிப்பணியார மாவிலேயே முட்டை அடித்து ஊற்றித் தருகிறேன், குழிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் போதும். ஆச்சியின் வெள்ளைப் பணியாரமும் ஆளுக்கு ஒன்று இருக்கட்டும். அதை மறுக்க யாருக்கும் மனம் வராது. பழக் கேக் மேசையின் நடுவில்தான் இருக்கும். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தேவகோட்டை டீச்சர்:
முட்டைப் பணியாரத்துக்கு நன்றி அண்ணே, அது என் பட்டியலைவிட மேல். ஆனால் கேக் நடுவில் இருப்பதற்கு நான் இன்னும் ஒப்பவில்லை. பிள்ளைகள் பசியோடு வரும்போது முதலில் கண்ணில் படுவதைத்தான் முதலில் அள்ளுவார்கள். வாசலை ஒட்டிய மேசையில் பழமும் சுண்டலும் பணியாரமும், கேக் கடைசி மேசையில், அதுவும் இரண்டு விரல் அகலத் துண்டாக. பங்குப்பேரவைக் கூட்டத்தில் இதைத்தான் கேட்கப்போகிறேன். நீங்களும் வந்து உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள்.