முப்பதுயிரும் அரைப்பேரும்

முப்பதுயிர் என்ற என் புனைபெயரைப் பார்த்துவிட்டு ஏதோ சித்தர் பாடல் சங்கதி என்று நினைத்தவர்கள் உண்டு. ஒருவர் பக்தியோடு விளக்கமே கேட்டார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. கொன்ட்ரா என்ற டீவி கேமில் மூன்று உயிர்தான் கொடுப்பார்கள். தலைப்புத் திரை வரும்போது மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்திவிட்டுத் தொடங்கினால் முப்பது கிடைக்கும். இந்த வரிசையை முதலில் வைத்தவர் கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986இல் கிரேடியஸ் விளையாட்டை வீட்டுக் கருவிக்கு மாற்றியபோது, சோதித்துப் பார்க்க அவருக்கே அது மிகக் கடினமாக இருந்ததாம். தனக்காக வைத்த குறுக்குவழியை எடுக்காமல் விட்டுவிட்டார். அது தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள் வரைக்கும் வந்துசேர்ந்தது.

லயத்தில் அந்த வரிசை எனக்குத்தான் மனப்பாடம். யார் வீட்டில் டீவி கேம் போட்டாலும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். அழுத்திக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். விளையாட இடம் தரமாட்டார்கள், பாவிகள்.

இனி அரைப்பேர். இந்தப் பெயரில் ஒருவரோடு இணையத்தில் நெடுநாள் பழக்கம், முகம் தெரியாது. தீபாவளிக்கு முன்தினம், கொழும்பிலிருந்து ஊர் திரும்பும் கூட்டம் முழுக்க ஹட்டன் பஸ் நிலையத்தில் இறங்கி நின்ற நேரத்தில் சந்தித்தோம். “அண்ணே, முப்பதுயிர் நீங்கள்தானே?” என்று உரக்கக் கேட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற யாரோ ஓர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அரைப்பேர் என்றால் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: குறித்த அளவுக் கொழுந்து பறிக்காவிட்டால் அன்றைக்கு அரை நாள் சம்பளம்தான் எழுதுவார்கள். மழையில் நனைந்த கொழுந்துக்குக் கழிவு வெட்டி, தராசு முள் கொஞ்சம் கீழே நின்றுவிட்டால் போதும், நாள் முழுக்க மலையேறி இறங்கியதில் பாதி போய்விடும். இவருடைய அம்மா அப்படி முகம் சுருங்கி வந்த மாலைகளில் வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருப்பார்களாம். அந்தச் சொல்லை இவருக்குப் பட்டப்பெயராகச் சூட்டியது அண்ணன். காரணம், சுப்பர் மரியோ என்ற கேம். அதில் இருவர் சேர்ந்து ஆட முடியாது. முதல் ஆளின் மரியோ செத்தால்தான் இரண்டாம் ஆளின் லூய்ஜிக்கு முறை வரும். அண்ணன் லேசில் சாகமாட்டார். அதோடு, 1983இல் ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் விட்ட பெமிகொம் விளையாட்டுக் கருவியின் இரண்டாம் கைப்பிடியில் ஸ்டார்ட் பொத்தானே கிடையாது. அதைப் பார்த்துச் செய்த போலிகளில் பலவும் அப்படித்தான் எங்கள் பக்கம் வந்தன. ஆட்டத்தைத் தொடங்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. கறுப்புப் பொத்தான் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிளாஸ்டிக். “எனக்கு வந்தது அரைக் கைப்பிடி, அரை முறை. பெயர் பொருத்தம்தான்” என்றார். அம்மாவுக்கு மட்டும் அந்தப் பெயர் இன்றுவரை பிடிக்கவில்லை. அம்மா பக்கம்தான் நியாயம் என்பது என் கட்சி.

இரவல் பெயர் என்றால் மரியோவுடையதும் அதுதான். 1981இல் டொங்கி கொங் என்ற விளையாட்டில் அவன் வெறும் குதிக்கும் ஆள், ஜம்ப்மேன். அமெரிக்காவில் நிண்டெண்டோ இருந்த கிடங்கின் சொந்தக்காரர் பெயர் மரியோ செகாலே. அந்தப் பெயரைத்தான் அவனுக்கு வைத்தார்கள்.

அன்று எங்களோடு தேநீர்க் கடையில் உட்கார்ந்தவர் இன்னொருவர், பொகவந்தலாவைக்காரி, ‘பாம்பு3310’. அவருடைய அப்பா கொழும்பில் கடை வேலை செய்து வாங்கிவந்த நொக்கியா 3310. சிக்னல் கோயில் மேட்டில் மட்டும்தான். ஆகையால் வீட்டில் அது தொலைபேசியே அல்ல, பாம்பு விளையாட்டுப் பெட்டி. அந்தப் பாம்பு ஒரு பக்கச் சுவருக்குள் நுழைந்து மறுபக்கம் வந்துவிடும். 1997இல் வந்த நொக்கியா 6110இல் சுவரில் முட்டினால் ஆட்டம் முடிந்தது. அதுதான் உண்மையான ஆட்டம் என்று நான் சொல்லிவிட்டேன். ஆறிப்போன தேநீரை ஒதுக்கிவைத்துவிட்டு அவர் வாதாடத் தொடங்கினார். கடைசி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டதால் நான் தப்பினேன். அவர் இதைப் படிப்பார், பதிலும் எழுதுவார்.