‘ஃபேண்டம் பிரேக்கிங்’: சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு சொல் வேண்டும்

திங்கள் இரவு, அல்சூரிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

அன்புடையீர், வணக்கம்.

பெங்களூரு அலுவலகங்களுக்கு ஓட்டுநர்களை அனுப்பும் ஒரு முகமைக்காகப் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வகுப்புக்கு வரவிருப்பவர்களில் பெரும்பாலோர் கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர்ப் பக்கத்தவர்கள். கன்னடம் சரளமாகப் பேசினாலும் படிப்பதென்றால் தமிழில்தான் படிப்பவர்கள். அவர்களிடம் இப்போது ஒப்படைக்கப்படும் கார்கள், முன்னால் செல்லும் வண்டிக்கேற்ப வேகத்தைத் தாமே கூட்டிக் குறைக்கின்றன. தடக்கோடுகளுக்குள் நிற்கத் தாமே ஸ்டியரிங்கைத் திருப்புகின்றன. மோதும் நிலை வந்தால் தாமே பிரேக் போடுகின்றன. எஸ்ஏஇ என்னும் வாகனப் பொறியாளர் அமைப்பின் வகைப்பாட்டில் இவை இரண்டாம் நிலை. வண்டி எவ்வளவு வேலை செய்தாலும் சாலையைக் கவனிக்கும் பொறுப்பு முழுவதும் ஓட்டுநருடையது என்பது அந்த நிலையின் பொருள். இதற்குப் ‘பகுதித் தன்னோட்டம்’ என்று எழுதிவிட்டேன்.

என் தடுமாற்றம் ‘ஃபேண்டம் பிரேக்கிங்’ என்பதில். எதிரில் ஒன்றுமே இல்லாதபோது வண்டி தானாகப் பிரேக் போடுவதைச் சொல்கிறார்கள். சென்ற மாதம் ஓசூர்ச் சாலையில் ஒரு மேம்பாலத்தின் நிழலுக்குள் நுழையும்போது எனக்கே இது நேர்ந்தது. எண்பதில் போய்க்கொண்டிருந்த வண்டி, யாரோ காலால் மிதித்ததுபோல் சட்டென்று வேகம் இழந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் வலப்பக்கம் ஒடித்துத் திருப்பியதால் பிழைத்தோம். அருகில் இருந்த என் மகள் வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகவே இது அகராதிக்காக மட்டும் நான் தேடும் சொல் அன்று. படித்தவுடன் ஓட்டுநருக்குப் புரிய வேண்டிய சொல். ‘பொய்த்தடுப்பு’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். வியாழன் இரவு அச்சுக்குப் போகிறது. பெரியவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும்.

செவ்வாய் காலை, மல்லேசுவரத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

அம்மா, ‘பொய்த்தடுப்பு’ கூடாது. முதற்காரணம் பொருள் பற்றியது. ‘மழை பொய்த்தது’ என்றால் வாராத மழை பெய்துவிட்டது என்று எந்த உழவரும் கொள்ளமாட்டார். வரவேண்டிய மழை வரவில்லை என்றே கொள்வார். ‘விண்இன்று பொய்ப்பின்’ என்ற குறளிலும், ‘வான்பொய்ப்பினும் தான்பொய்யா’ என்று காவிரியைப் பாடும் பட்டினப்பாலையிலும் இதே பொருள்தான். எனவே பிரேக் பொய்த்தது என்றால், பிடிக்கவேண்டிய பிரேக் பிடிக்கவில்லை என்பதே தமிழ்க் காதுக்கு எட்டும். நீங்கள் சொல்லவந்ததோ நேர்மாறு. பொய்க்கால், பொய்ப்பல் என்ற வழக்குகளில் பொய் என்பது போலி என்று பொருள்படுவதை அறிவேன்; ஆனால் ‘பொய்த்தடுப்பு’, ‘பொய்த்த தடுப்பு’ ஆகிய இரண்டையும் வகுப்பில் உரக்கப் படித்துப் பாருங்கள், வேறுபாடு செவிக்கு எட்டாது.

இரண்டாவது காரணம் தொகை பற்றியது. நோய்த்தடுப்பு என்றால் நோயைத் தடுப்பது. தீத்தடுப்பு என்றால் தீயைத் தடுப்பது. ‘தடுப்பு’ பின்னால் வந்தாலே முன்னுள்ள பெயரை இரண்டாம் வேற்றுமையாகக் கொள்வது நம் பழக்கமாகிவிட்டது. பொய்த்தடுப்பு பொய்யைத் தடுப்பதாகிவிடும். இந்த வரிசைக்குத் ‘தடுப்பு’ உதவாது.

செவ்வாய் மதியம், ஒயிட்ஃபீல்டிலிருந்து மென்பொருள் பொறியாளர்:

ஐயா காட்டிய வேறுபாடு மொழியளவில் நிற்பதன்று. இந்தக் கருவிகளை வடிவமைப்பவர்களின் பெருஞ்சிக்கலே அதுதான். வண்டியின் ரேடார், மேம்பாலத்தின் இரும்பிலிருந்தும் சாலைக்கு மேலே தொங்கும் பெயர்ப்பலகையிலிருந்தும் திரும்பி வரும் அலையை, எதிரில் நிற்கும் வண்டியிலிருந்து வருவதாகக் கொள்ளக்கூடும். கேமரா, சாலையில் குறுக்கே விழுந்த நிழலைப் பொருளாகக் கொள்ளக்கூடும். வளைவுகளில் ஓரமாக நிறுத்தப்பட்ட லாரி நம் தடத்திலேயே இருப்பதாகத் தோன்றக்கூடும். இப்படிப்பட்ட வீண் பிரேக்குகளைக் குறைப்பதற்காகவே, பழைய ரேடார் அமைப்புகள் நெடுஞ்சாலை வேகத்தில் அசையாத பொருள்கள் பலவற்றைக் கணக்கிலிருந்து தள்ளிவிடும்படி அமைக்கப்பட்டன. அதன் விளைவாக, உண்மையிலேயே நடுவழியில் நின்றுவிட்ட வண்டியையும் அவை காணாமல் விடும் ஆபத்து வந்தது. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். ஆகவே ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்: இல்லாததற்குப் பிரேக் போடுவதற்கு ஒன்று, இருப்பதற்குப் போடாமல் விடுவதற்கு ஒன்று.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமன்று. 2022 பிப்ரவரியில் அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், டெஸ்லாவின் மாடல் 3, மாடல் ஒய் கார்கள் ஏறத்தாழ 4,16,000 பற்றி விசாரணை தொடங்கியது. அதற்கு முந்தைய ஒன்பது மாதங்களில் 354 முறையீடுகள் வந்திருந்தன. செய்தித்தாள்கள் ‘ஃபேண்டம்’ என்றே எழுதின. நிர்வாகத்தின் ஆவணமோ எதிர்பாராத பிரேக் இயக்கம் என்ற அளவில் நின்றுகொண்டது. நாமும் அடக்கமாக ‘மாயத்தடை’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

செவ்வாய் இரவு, விவேக்நகரிலிருந்து தனித்தமிழ் அன்பர்:

மாயத்தடையில் வரும் மாயம் வடசொல் என்று சிலர் விரைந்து எழுதக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மாய்தல் என்ற வினை நம்முடையது. மறைதல், அழிதல் என்பது அதன் பொருள். மாயம் அதிலிருந்து பிறந்தது என்பதே என் துணிபு. ‘மாயோன் மேய காடுறை உலகமும்’ என்ற தொல்காப்பிய அடியில் வரும் மாயோனோ, கருமையைக் குறிக்கும் ‘மா’விலிருந்து வந்தவன்; அவனை இதனோடு குழப்பக் கூடாது. ஆயினும் வள்ளுவர் ‘மாய மகளிர்’ என்னும்போது மாயம் வஞ்சனையைக் குறிக்கிறது. வண்டி நம்மை வஞ்சிக்கவில்லை, தானே ஏமாறுகிறது. ஆகவே மாயத்தையும் விலக்குகிறேன்.

என் பரிந்துரை ‘பேய்த்தடை’. கானல்நீருக்குப் பேய்த்தேர் என்பது நம் பழம்பெயர். வெயில் காயும் வெளியில், இல்லாத தேர் இருப்பதாகத் தோன்றும் தோற்றத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயர் இது. வெயிலிலும் நிழலிலும் இல்லாத வண்டி இருப்பதாக இன்றைய கருவிக்குத் தோன்றுகிறது. இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி எந்த மொழியில் கிடைக்கும்? பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு என்று, பார்வைக்கு ஒன்றாகவும் பயனில் வேறாகவும் இருப்பவற்றுக்கும் அதே முன்னொட்டைத்தான் நம் மக்கள் வைத்திருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று. ‘பிரேக்’ என்று எழுதாதீர்கள். வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. ஓட்டுநர் என்பதற்கும் ‘வலவன்’ இருக்கிறது. ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று ஓட்டுபவனில்லாத ஊர்தியைப் புறநானூறு 27-ஆம் பாடலிலேயே கற்பனை செய்த இனம் நாம். ‘பகுதித் தன்னோட்டம்’ என்பதைப் ‘பகுதி வலவன் ஏவா இயக்கம்’ என்று மாற்றக் கோருகிறேன்.

புதன் காலை, மர்பி டவுனிலிருந்து பள்ளி ஆசிரியை:

பேய்த்தேர் எனக்கும் நெகிழ்ச்சி தருகிறது. ஆனால் பேய்மழை, பேய்க்காற்று என்பவையே இன்று வாழும் வழக்குகள். அங்கே பேய் என்பது அளவு மீறியதைக் குறிக்கும். பேய்த்தடை என்றால் ‘பயங்கரமாகப் பிடிக்கும் பிரேக்’ என்று, குறையைச் சிறப்பாக எண்ணிவிடுவார்கள். வலவனை நாமெல்லோரும் மதிக்கிறோம். ஆயினும் சனிக்கிழமை வகுப்பில் அந்தச் சொல்லை விளக்கவே அரைமணி நேரம் போகும் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

புதன் மாலை, பேராசிரியர்:

இரவெல்லாம் சிந்தித்தேன். நமக்கு வேண்டிய வரையறையைத் திருவள்ளுவர் முன்பே எழுதிவைத்திருக்கிறார். ‘பொருளல்ல வற்றைப் பொருளென்று உணரும் மருளானாம் மாணாப் பிறப்பு’ என்பது 351-ஆம் குறள். பொருள் அல்லாதவற்றைப் பொருள் என்று உணர்தல். பொறியாளர் தம்பி நேற்று ஒரு பத்தி முழுவதும் விளக்கியதற்கு இந்த நான்கு சீர் போதும். அந்த உணர்வுக்கு அவர் இட்ட பெயர் மருள். ‘மருள்தடை’ என்றால் புணர்ச்சியில் ‘மருட்டடை’ ஆகி வாயில் நுழையாது. ஆனால் அருட்பா என்பதுபோல் ‘மருட்பிரேக்கு’ எனலாம். குற்றியலுகரம் சேர்த்துவிட்டதால் விவேக்நகர் ஐயாவின் இலக்கணக் குறையும் தீரும்.

புதன் இரவு, ஸ்ரீராம்புரத்திலிருந்து ஓட்டுநர் ஒருவர்:

ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறேன்; சனிக்கிழமை வகுப்புக்கு நானும் வருகிறேன். அம்மா இந்த விவாதத்தை எனக்கு அனுப்பிவைத்து, நீங்கள் என்ன சொல்லுவீர்கள் என்று கேட்டார்கள்.

முதலில் அனுபவத்தைச் சொல்கிறேன். மைசூரு விரைவுச்சாலையில் இந்த வசதிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. அங்கே 2023 ஆகஸ்ட் முதல் இருசக்கர வண்டிகளும் ஆட்டோக்களும் முதன்மைத் தடங்களுக்கு வருவதில்லை. கோடுகளும் தெளிவாக இருக்கின்றன. நெரிசல் மிகுந்த சில்க் போர்டுச் சந்திப்புப் பக்கம் அதே வண்டி வேறு மாதிரி. முன்னால் அது விடும் இடைவெளியில் ஒரு பைக் நுழையும், வண்டி பிரேக் போடும். மீண்டும் இடைவெளி விடும், இன்னொரு பைக் நுழையும். ஆனால் அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரிவதால் பயம் வருவதில்லை. பாலத்தடியில் ஒன்றுமில்லாமல் பிடிக்கும்போதுதான் பயம். எங்கள் ஆட்களில் சிலர் ‘சும்மா பிரேக்கு அடிக்குது’ என்பார்கள். நானும் வேறு பலரும் ‘வண்டி மிரளுது’ என்போம்.

என் அப்பா காவேரிப்பட்டினத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர். மரநிழல் அசைந்தாலும், வழியில் கிடந்த கந்தல் காற்றில் எழுந்தாலும், புதுமாடு மிரண்டு நின்றுவிடும். எங்கள் ஊரில் ‘மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று ஒரு பழமொழி உண்டு. பாலத்து நிழலைக் கண்டு வண்டி நிற்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். ஐயா சொன்ன மருளும், மற்ற ஐயா சொன்ன பேயும் அந்த ஒரே பழமொழியில் இருக்கின்றன. மருள் என்று மட்டும் அச்சிட்டால், எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழாவில் மருள் வந்து ஆடுவதைத்தான் முதலில் நினைப்பார்கள். மிரட்சி என்றால் குழப்பம் இல்லை.

வியாழன் மதியம், பொறியாளர்:

ஓட்டுநர் அண்ணனின் மடலை இரண்டு முறை படித்தேன். என் மாயத்தடையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் மிரட்சியில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மாடு மிரள்வது அதன் இயல்பு. அதற்காக மாட்டை யாரும் குறைசொல்வதில்லை. இந்த வண்டியின் பிழை ஒரு மனிதர் எழுதிய கட்டளையிலும், இன்னொருவர் சோதிக்காமல் விட்டதிலும் இருக்கிறது. உயிருள்ளதன் அச்சமாக அதற்குப் பெயரிட்டால், செய்தவர் மீதுள்ள பொறுப்பு மறைந்துவிடாதா? மேலும், மாடு மிரளும் முன் காதை விறைக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வண்டிக்கு அந்தக் காது இல்லை. ‘பிழைப் பிரேக்கு’ என்றே எழுதலாம்.

வியாழன் மாலை, ஓட்டுநர்:

தம்பி சொல்வது சரிதான், காது விறைக்கும். ஆனால் ‘பிழைப் பிரேக்கு’ என்றால் பிழை என்னுடையது என்று முதலாளி சொல்லிவிடுவார். வண்டி மிரண்டது என்றால் வண்டியைத்தான் பார்ப்பார்.

வியாழன் இரவு, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இருமுறை அழைத்துவிட்டார்கள். எட்டுப் பேர் விடையனுப்பினீர்கள்: ‘மிரட்சிப் பிரேக்கு’க்கு ஐந்து, ‘மருட்பிரேக்கு’க்கு இரண்டு, ‘பிழைப் பிரேக்கு’க்கு ஒன்று. பாடத்தில் மிரட்சிப் பிரேக்கு என்று அச்சிடுகிறேன். அதன் அருகிலேயே, மேம்பாலத்தடியிலும் அடர்ந்த நிழலிலும் வேகக்கட்டுப்பாட்டு வசதியை முன்கூட்டியே நிறுத்திவிட்டுத் தாமே ஓட்டுமாறும், மிரட்சி நேர்ந்தால் பின்கண்ணாடியைப் பார்த்தபடி ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதித்து வேகத்தை மீட்குமாறும், நேர்ந்த இடத்தையும் நேரத்தையும் எழுதிவைக்குமாறும் கட்டமிட்டுச் சொல்லியிருக்கிறேன். பொறியாளர் கேட்ட இரண்டாவது சொல்லுக்கு, அதாவது பிடிக்கவேண்டிய இடத்தில் பிடிக்காமல் விடுவதற்கு, ‘பிரேக்கு பொய்த்தல்’ என்று எழுதியிருக்கிறேன். அதை ஒருவரும் மறுக்கவில்லை.

வெள்ளி காலை, விவேக்நகரிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ‘பிரேக்கு’ என்பதில் என் உடன்பாடின்மை அடுத்த பதிப்பின் முன்னுரையில் ஒரு வரியாகவேனும் இடம்பெற வேண்டும். வலவன் பற்றி எவரும் இன்னும் விடையளிக்கவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன்.