மலைப்பாதைக்கு ஏற்ற டயர், அதிகச் செலவில்லாமல்: யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் கார் 2019 ஸ்விஃப்ட் பெட்ரோல். டயர் அளவு 185/65 ஆர்15. டயர் பக்கவாட்டில் 2319 என்று இருக்கிறது, அதாவது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு) இன்னும் 1.6 மி.மீ. தேய்மானக் குறிக்குக் கீழே தேயவில்லை. ஆனால் ரப்பர் கல் மாதிரி இறுகிவிட்டது.

நான் நாமக்கல்காரன். மாதம் இரண்டு முறையாவது கொல்லிமலை ஏறுவேன். போன வாரம் மழையில் இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் முன்சக்கரம் திரும்பாமல் நேராக வழுக்கியது. பின்னால் அம்மாவும் பிள்ளைகளும் இருந்தார்கள். நல்லவேளை, எதிரே வண்டி வரவில்லை. எழுபது வளைவு உள்ள பாதையில் இனி இந்த டயரோடு போக மாட்டேன்.

நான்கு டயருக்கும் சேர்த்து 26,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும். ஈரச்சாலையில் பிடிமானமும் பிரேக்கும்தான் எனக்கு முக்கியம். மைலேஜ் கொஞ்சம் குறைந்தாலும், டயர் சீக்கிரம் தேய்ந்தாலும் பரவாயில்லை. யோகோஹாமா எர்த்-1, அப்பல்லோ அல்னாக் 4ஜி, மிஷெலின் பிரைமசி 4 எஸ்டி என மூன்று டயர்கள் மனதில் இருக்கின்றன. மழையில் ஓட்டிப் பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

அப்புறம், 195/60 ஆர்15 அளவு (கொஞ்சம் அகலம் கூடிய, பக்கவாட்டு உயரம் குறைந்த டயர்) போடலாம் என்கிறார் கடைக்காரர். கணக்குப் போட்டால் விட்டம் ஒரு சதவீதம்தான் குறைகிறது. ஸ்விஃப்டில் யாராவது போட்டிருக்கிறீர்களா? ஸ்டீயரிங் கனமானதா? பள்ளத்தில் குலுக்கல் கூடியதா?

ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றிவிட வேண்டும்.